வெளிப் பயிற்சி நிறுவனங்களோடு பல ஆண்டுகள்: தாக்குப்பிடித்ததும் வெளுத்ததும்

எங்கள் நிறுவனத்தில் ஊழியர் பயிற்சிப் பொறுப்பு என்னிடம் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. மனிதவளத் துறை என்று பெயர். வேலை என்னவோ பாதி நேரம் ப்ரொபோசல் படிப்பதும், கொட்டேஷன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதும், எல்லாம் முடிந்தபின் நிதித்துறை "இதனால என்ன ஆச்சு?" என்று கேட்கும்போது பதில் தேடுவதும்தான். இதற்குள் வெளிப் பயிற்சி நிறுவனங்கள் பலவற்றோடு பழகியாயிற்று. சிலரை ஒரே பேட்சோடு நிறுத்திக்கொண்டோம். ஒரு நிறுவனத்தோடு மட்டும் நெடுநாளாகப் போகிறது. நடுவில் விட்டுவிட்டு, வேறு ஆளைப் பார்த்து, மறுபடி அவர்களிடமே போனதும் உண்டு. யார் பெயரையும் சொல்லப் போவதில்லை. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம், பழகப் பழக எது நின்றது, எது சாயம் போனது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

என் கணக்கில் முதல் விஷயம் ட்ரெய்னர். நிறுவனத்தின் பெயர், வாடிக்கையாளர் பட்டியல், லோகோக்கள் நிறைந்த அந்த இரண்டு பக்கம் எல்லாம் அப்புறம்தான். காசு கொடுத்து நாம் வாங்குவது, குறிப்பிட்ட நாளில் நம் ஆட்கள் முன்னால் நிற்கப் போகிற ஒரு மனிதரை. ஆனால் பல நிறுவனங்கள் டெமோவுக்கு அனுப்பும் ஆள் வேறு, வகுப்புக்கு அனுப்பும் ஆள் வேறு. டெமோவில் வந்தவர் அனுபவசாலி; எந்தக் கேள்வி கேட்டாலும் அசரமாட்டார். வகுப்பன்று வந்தவரோ ஸ்லைடைத் திரும்பிப் பார்க்காமல் ஒரு வரி பேசமாட்டார். கேட்டால் "சாருக்கு வேற கமிட்மென்ட் வந்துடுச்சு மேடம், இவரும் நம்ம சீனியர்தான்" என்பார்கள். இப்போதெல்லாம் ட்ரெய்னரின் பெயர் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும் என்கிறோம். அவரால் வர முடியாவிட்டால் தேதியை மாற்றலாம், ஆளை மாற்ற எங்கள் சம்மதம் வேண்டும். இந்த ஒரு வரியைப் பார்த்ததும் தயங்குகிற நிறுவனத்தோடு மேற்கொண்டு பேசுவதில் அர்த்தமில்லை என்பது என் அனுபவம். பெரும்பாலும் அவர்களிடம் சொந்த ட்ரெய்னர்களே இருக்கமாட்டார்கள். ஆர்டர் கிடைத்த பிறகுதான் வெளியே ஆள் தேடுவார்கள். ஃப்ரீலான்சர்களை வைத்து நடத்துவது குற்றமில்லை. எங்களுக்கு வாய்த்த மிக நல்ல ட்ரெய்னர்களில் சிலர் ஃப்ரீலான்சர்கள்தான். அதை மறைப்பதுதான் பிரச்சினை.

ட்ரெய்னரை எப்படி எடைபோடுவது? டெமோ என்றால் எல்லோரும் தங்களுடைய மிகச் சிறந்த அரைமணி நேரத்தைத்தான் காட்டுவார்கள். அதனால் நான் ஒரு சின்ன வேலை செய்வேன். தகவல்தொடர்புப் பயிற்சி என்றால், நாம் பேசுவதில் 7 சதவீதம்தான் சொற்கள், 38 சதவீதம் குரல், 55 சதவீதம் முகபாவம் என்ற கணக்கு எப்படியும் ஒரு ஸ்லைடில் வந்துவிடும். உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-ல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள் அவை. ஒருவருக்கு நம்மைப் பிடிக்கிறதா இல்லையா என்ற உணர்ச்சியை, சொல் ஒன்று சொல்ல முகமும் குரலும் வேறு சொல்லும்போது, கேட்பவர் எதை நம்புகிறார் என்பதுதான் அங்கே சோதிக்கப்பட்டது. பட்ஜெட் விளக்குகிற கூட்டத்துக்கோ மின்னஞ்சலுக்கோ அதைப் பொருத்த முடியாது. மெஹ்ராபியனே இதைச் சொல்லியிருக்கிறார். "இந்த எண் எங்கிருந்து வருது சார்?" என்று பணிவாகக் கேட்பேன். "இது ரொம்ப ஃபேமஸ் ரிசர்ச் மேடம்" என்று மழுப்புகிறவர் உண்டு. "விவரம் சரியாகத் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லி, மறுநாளே பார்த்துவிட்டு அந்த ஸ்லைடை எடுத்துவிட்ட ஒருவரும் உண்டு. இரண்டாமவர் இன்றுவரை எங்களுக்கு வகுப்பெடுக்கிறார்.

இதே வரிசையில் இன்னொன்று: பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று ஊழியர்களைப் பிரித்து, அதற்கேற்ப நடத்துகிறோம் என்ற விற்பனைப் பேச்சு. அப்படிப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று ஹெரால்ட் பாஷ்லரும் மூன்று சக உளவியலாளர்களும் 2008-லேயே ஆய்வுகளை அலசி எழுதிவிட்டார்கள். ப்ரொபோசலில் இது தனிக் கட்டணமாக வந்தால் நான் அந்த வரியை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்புவேன்.

சரி, நெடுநாளாகத் தொடரும் அந்த நிறுவனத்துக்கு வருகிறேன். அவர்களிடம் எங்களைக் கட்டிப்போட்டது முதல் வகுப்பு அல்ல, அதற்கு முந்தைய வாரம். புகார் அழைப்புகளைக் கையாளும் குழுவுக்குப் பயிற்சி கேட்டிருந்தோம். எங்கள் பக்கத்துக் கோரிக்கை ஒரே வரி: "வாடிக்கையாளரிடம் பேசும் முறை சரியில்லை, திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார்கள்." மற்ற நிறுவனங்கள் அதை வாங்கிக்கொண்டு, கனிவு, பொறுமை, புன்னகை என்று மாட்யூல் போட்டு அனுப்பிவிட்டன. இவர்கள் அனுப்பிய ட்ரெய்னர், ஒரு பிற்பகல் முழுக்க எங்கள் ஊழியர் ஒருவர் பக்கத்தில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார அனுமதி கேட்டார். கையில் ஒரு நோட்டு. அழைப்பு முடியும் ஒவ்வொரு தடவையும் ஒரு வரி எழுதிக்கொண்டார், அவ்வளவுதான்.

மாலையில் நோட்டைக் காட்டினார். பாதிக்கு மேற்பட்ட அழைப்புகள் "செக் பண்ணிட்டுச் சொல்றோம் சார்" என்ற வாக்கியத்தில் முடிந்திருந்தன. எப்போது சொல்வோம் என்று யாரும் சொல்லவில்லை. வாடிக்கையாளர் மறுநாள் கூப்பிடாமல் என்ன செய்வார்? ஏன் சொல்லவில்லை என்று ஊழியரைக் கேட்டால், பணம் திரும்பப் போகும் தேதி கணக்குப் பிரிவின் ஸ்க்ரீனில் இருக்கிறது, இவர்களுக்கு அதைத் திறக்க அனுமதி இல்லை. ட்ரெய்னர் சொன்னது இது: "இதுல பாதிக்கு ட்ரெய்னிங் வேண்டாம் மேடம். அந்த ஸ்க்ரீனைப் பார்க்க மட்டும் அனுமதி கொடுங்க. மீதிக்கு ரெண்டு நாள் தேவைப்படாது, ஒரு நாள் போதும்."

கேட்ட ஆர்டரைத் தானே பாதியாக்கிக்கொண்ட நிறுவனத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பயிற்சி என்பது செய்யத் தெரியாதவருக்கு. தெரிந்தும் செய்ய வழியில்லாதவருக்கு அல்ல. இந்த வித்தியாசத்தைப் பார்க்கிற நிறுவனம் உங்கள் பணத்தை மிச்சப்படுத்தும். பார்க்காத நிறுவனம் எந்தக் கோளாறுக்கும் ஒரு வகுப்பு விற்கும். ஆகவே தேர்வின்போது நான் இப்போது கேட்கும் முதல் கேள்வியே, "நீங்க வேண்டாம்னு சொன்ன வேலை ஏதாவது இருக்கா?" என்பதுதான். சிரித்து மழுப்பினால் விஷயம் புரிந்துவிடும்.

அடுத்து ஃபீட்பேக் படிவம். வகுப்பு முடிந்த கையோடு, எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும் நேரத்தில் நீட்டுகிறார்களே, அந்தத் தாள். ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ட்ரெய்னர் எதிரிலேயே நிற்கும்போது யார் மூன்று போடுவார்? டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-ல் தொடங்கி எழுதிய கட்டுரைகளில் பயிற்சியை மதிப்பிட நான்கு படிகளைச் சொன்னார்: கலந்துகொண்டவருக்குப் பிடித்ததா, கற்றுக்கொண்டாரா, வேலையில் நடந்துகொள்ளும் விதம் மாறியதா, அதனால் நிறுவனத்துக்கு ஏதாவது விளைந்ததா. இந்தத் துறையில் இதைத் தெரியாத நிறுவனம் இருக்க முடியாது. ப்ரொபோசலில் நான்கு படியையும் அழகாகப் படம் போட்டிருப்பார்கள். நடைமுறையில் முதல் படியோடு இன்வாய்ஸ் வந்துவிடும்.

அந்த நேரத்தில் வருகிற திருப்தியை நம்பவும் முடியாது. ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு பிரிவினர் பாடத்தை மறுபடி மறுபடி படித்தார்கள்; மற்றவர்கள் படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்கு அதிகம் நினைவில் இருந்தது. வகுப்பு வாசலில் வாங்கும் படிவம் அந்த ஐந்து நிமிடத்தை அளக்கிறது. நமக்கு வேண்டியது வாரமும் மாதமும் கழிந்த பின் உள்ள நிலவரம்.

இதில்தான் நீண்டகால அனுபவம் கை கொடுக்கிறது. எங்கள் புகார் குழுப் பயிற்சியில், வகுப்புக்கு முன்பும் சில வாரங்களுக்குப் பின்பும் அதே மாதிரியான அழைப்புப் பதிவுகளைக் கேட்டு, "எப்போது திரும்பச் சொல்வோம் என்று நேரம் குறிப்பிட்டாரா?" என்ற ஒரே கேள்விக்கு ஆம், இல்லை என்று குறித்தோம். மதிப்பெண் கிடையாது, வரைபடம் கிடையாது. அதிலேயே யாரிடம் ஒட்டியது, யாரிடம் ஒட்டவில்லை என்று தெரிந்துவிட்டது. ஒட்டாதவர்களைப் பார்த்தால் ஏறக்குறைய எல்லோரும் ஒரே டீம் லீடரின் கீழ் இருந்தவர்கள். அவர் பயிற்சியன்று தன் ஆட்களை நடுவில் வெளியே கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். "ட்ரெய்னிங்ல சொல்றதை விடுங்க, இங்க டைம்தான் முக்கியம்" என்றும் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு, டீம் லீடர்களுக்கு முதலில் தனியாக ஒரு மணி நேரம் வைத்துவிட்டுத்தான் குழுவுக்கு வகுப்பு. டிமோத்தி பால்ட்வினும் கெவின் ஃபோர்டும் 1988-லேயே, கற்றது வேலைக்குப் போய்ச் சேர்வதில் மேலாளர் தரும் ஆதரவுக்கு உள்ள பங்கைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எந்த ட்ரெய்னராலும் ஒரு டீம் லீடரை எதிர்த்து ஜெயிக்க முடியாது.

ஆன்லைன் கோர்ஸ்களைப் பற்றிச் சுருக்கமாக. பாதுகாப்பு விதி, தகவல் பாதுகாப்பு மாதிரி எல்லோருக்கும் ஒரே செய்தி போக வேண்டிய இடங்களில் வசதிதான். மற்றபடி வீடியோவை ஓடவிட்டு வேறு வேலை பார்ப்பதும், "நெக்ஸ்ட்" பொத்தானை மட்டும் தட்டிக்கொண்டே போவதும் எங்கும் நடப்பதுதான். வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. கோர்ஸை ஸ்கார்ம் கோப்பாக (வெவ்வேறு பயிற்சி மென்பொருள்களிலும் ஓடக்கூடிய பொது வடிவம்) உங்கள் கையில் தருவார்களா, அல்லது அவர்கள் தளத்தில் மட்டுமே ஓடுமா? ஸ்கார்ம் 1.2 வடிவம் 2001 முதல் இருக்கிறது, ஏறத்தாழ எல்லாப் பயிற்சி மென்பொருளும் அதை ஏற்கும். அவர்கள் தளத்தில் மட்டும் என்றால், ஒப்பந்தம் முடியும் நாளில் யார் எதை முடித்தார் என்ற பதிவும் உங்களை விட்டுப் போகலாம். அந்தப் பதிவை எந்த வடிவில், எப்போது திருப்பித் தருவார்கள் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். சர்டிஃபிகேட்டுகளைப் பொறுத்தவரை, ஐஎஸ்ஓ 29993 என்று 2017-ல் வந்த தரநிலை ஒன்று முறைசாராக் கல்விச் சேவைகளுக்கென்றே இருக்கிறது. அதன்படி நடக்கிறோம் என்பவர்களிடம் பயிற்சித் தேவையை அலசிய ஆவணத்தைக் காட்டச் சொல்லலாம். சுவரில் மாட்டியிருக்கிறது என்பதற்காக மட்டும் யாரையும் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

விலை? மிகக் குறைந்த கொட்டேஷனில் பெரும்பாலும் முன்தயாரிப்பும் பின்தொடர்தலும் இருக்காது. ஆள் கணக்கில் கட்டணம் போட்டால் ஒரே அறையில் கூட்டத்தைத் திணிக்கும் ஆசை அவர்களுக்கு வரும். நாள் கணக்கில் போட்டால் அதே ஆசை நமக்கு வரும். செய்முறை இருக்கிற வகுப்பில் இருபது பேரைத் தாண்டினால் பின்வரிசை வெறும் பார்வையாளர்கள்தான்.

இவ்வளவு புகழ்ந்த நிறுவனத்திடம் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. உறவு நீள நீளத் தளர்ச்சி வரும். அதே கதைகளும் அதே உதாரணங்களும் திரும்ப வந்தன. ஏற்கெனவே வேறொரு வகுப்பில் உட்கார்ந்த ஊழியர், ட்ரெய்னர் ஆரம்பித்ததுமே கதையின் முடிவைச் சொல்லிவிட்டார். அறை சிரித்தது, அவரும் சிரித்துச் சமாளித்தார். எங்கள் வாடிக்கையாளர்கள் ஃபோனிலிருந்து சாட்டுக்கு நகர்ந்த பிறகும் பாடம் ஃபோனிலேயே நின்றது. அறிக்கை கேட்டால் தாமதம். அவர்கள் பக்கத்தில் எங்களோடு தொடர்பில் இருக்கும் ஆள் மாறிக்கொண்டே இருப்பார், ஒவ்வொருவரிடமும் எங்கள் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். நடுவில் நாங்கள் விலகியது இதனால்தான். வேறு இடத்தில் கிடைத்தது பளபளப்பான ஸ்லைடும் இரவல் ட்ரெய்னரும் என்பதால் திரும்பி வந்தோம்.

திரும்பி வந்தபோது சும்மா வரவில்லை. ஒவ்வொரு பேட்சுக்கும் முன்னால் எங்கள் அண்மைக்கால உரையாடல்களை, வாடிக்கையாளர் அடையாளங்களை நீக்கிவிட்டு, நாங்கள் தருவோம். பயிற்சிகள் அதிலிருந்துதான் வர வேண்டும். கட்டணத்தில் ஒரு பகுதி, சில வாரம் கழித்து நடக்கும் பின்தொடர் அமர்வு முடிந்த பிறகு. முதலில் முனகினார்கள், அப்புறம் ஒப்புக்கொண்டார்கள். அதிலிருந்து அறிக்கை நேரத்துக்கு வருகிறது, ஆச்சரியமில்லை.

பரிந்துரைப்பேனா? ஒரே வேலையைச் செய்யும் குழு ஓரளவு பெரிதாக இருந்து, அழைப்புப் பதிவோ மின்னஞ்சலோ கோப்போ காட்ட உங்களுக்கு மனம் இருந்தால், இப்படி உள்ளே வந்து பார்க்கும் நிறுவனத்தைத் தேடுங்கள். வெளியாளுக்கு எதையும் காட்ட முடியாத வேலை என்றால், அந்தப் பணத்தில் உங்களிடமே இருக்கும் கெட்டிக்கார ஊழியர் ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையைப் பழக்குவது மேல். பத்துப் பேர் மட்டுமே உள்ள இடத்துக்குத் தனி பேட்சே வேண்டாம். பொது வகுப்புகளில் இரண்டு மூன்று இடங்களை வாங்கி, போய்வருகிறவர்களின் மற்ற வேலையை அன்று யார் பார்ப்பது என்று மட்டும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.