பத்தாயிரம் வாக்குக்குப் பூஜ்யம், ஐயாயிரத்துக்கு ஓர் இடம்: நார்வேயின் தொழில் கட்சி எந்த வழியில் போவது?

2021 செப்டம்பரில் நடந்த நார்வே நாடாளுமன்றத் தேர்தலில், அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கிய 'தொழில் மற்றும் வணிகக் கட்சி' (சுருக்கமாக ஐஎன்பி) நாடு முழுவதும் ஏறக்குறைய 10,000 வாக்குகள் வாங்கியது. 0.3 விழுக்காடு, ஓர் இடமும் இல்லை. அதே தேர்தலில் ஃபின்மார்க் என்ற ஒரே தொகுதியில் 'பாஸியென்ட்ஃபோகுஸ்' பட்டியல் 5,000க்கும் சற்றுக் குறைவாகப் பெற்று ஓர் உறுப்பினரை அனுப்பியது. ஆல்டா நகருக்கு மருத்துவமனை கேட்டவர்கள் அவர்கள்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் தேர்தல் முறை. நார்வே நாடாளுமன்றமான ஸ்டோர்ட்டிங்கின் 169 இடங்களில் 150 தொகுதி இடங்கள்; ஒரு தொகுதிக்குப் பல இடங்கள் உண்டு. மீதி 19 சமன்செய்யும் இடங்கள், அதாவது நாடளவில் பெற்ற வாக்குக்குக் குறைவாக இடம் கிடைத்த கட்சிகளுக்கு ஈடாகத் தருபவை. நாடு தழுவிய 4 விழுக்காட்டு வரம்பு அந்த 19க்கு மட்டும்தான். தொகுதி இடங்களுக்கு வரம்பே கிடையாது. 2021இல் ஒவ்வொரு கட்சியின் வாக்கும் முதலில் 1.4 ஆலும், பிறகு ஓர் இடம் கிடைக்கும்தோறும் 3, 5, 7 என்றும் வகுக்கப்பட்டது. ஈவு பெரிதாக இருப்பவருக்கு இடம். ஒரு தொகுதியில் முதல் இடத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று தோராயமாகப் பார்க்க, 70ஐத் தொகுதி இடங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். 13 தொகுதி இடங்கள் இருந்த எண்ணெய் மாவட்டம் ருகாலாந்தில் அது 5.4 விழுக்காடு. நான்கே இடங்கள் இருந்த ஃபின்மார்க்கில் கணக்குப்படி 17.5, ஆனால் வாக்குகள் பல கட்சிகளுக்குச் சிதறியதால் 12.7 விழுக்காடே போதுமானதாயிற்று.

மருத்துவமனைக் கோரிக்கைக்கு ஓர் ஊர் இருக்கிறது. தொழிலுக்கு அப்படி ஓர் ஊர் இல்லை; ஐஎன்பியின் அடிப்படைச் சிக்கல் இதுதான். அலுமினிய உருக்காலைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: சுன்டால்சோரா, ஓர்டால், ஹொய்யாங்கர், ஹூஸ்னெஸ், கார்மொய், மூஷொவன். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு ஃபியோர்டின் (குறுகிய கடற்கழியின்) அல்லது நீரிணையின் ஓரத்தில், நீர்மின்சாரம் கிடைத்த இடத்தில் எழுந்தது. இந்தத் தொழிலாளர்களின் வாக்கு ஐந்து தொகுதிகளில் பிரிந்து கிடக்கிறது. எந்தத் தொகுதியிலும் 5 விழுக்காட்டைத் தொடுவது கடினம்.

நாடு முழுக்கப் போட்டியிட ஆகும் உழைப்பும் சிறியதல்ல. கட்சியைப் புரொன்னொய்சுந்து நகரிலுள்ள அரசுப் பதிவகத்தில் பதிய, வாக்குரிமை உள்ள 5,000 பேரின் கையெழுத்து வேண்டும். ஓராண்டுக்கு மேல் பழையது செல்லாது. 2021 விதிப்படி தேர்தல் ஆண்டின் ஜனவரி 2க்குள் பதிவு முடிய வேண்டும், மார்ச் 31க்குள் பட்டியல்கள் போய்ச் சேர வேண்டும். ஒரு பட்டியலில் தொகுதியின் இடங்கள் அளவுக்காவது பெயர்கள் வேண்டும் என்பதால், 19 தொகுதிக்கும் சேர்த்துப் பட்டியல்களில் குறைந்தது 169 பெயர்கள் தேவை. பணமும் இதே பாதையில்தான் நடக்கிறது: வாக்குக்கு இவ்வளவு என்று அரசு தரும் உதவி எல்லாக் கட்சிக்கும் உண்டு, அடிப்படை உதவி 2.5 விழுக்காடோ ஓர் உறுப்பினரோ இருந்தால்தான். பாஸியென்ட்ஃபோகுஸுக்கு அந்தத் தகுதி கிடைத்தது, இரு மடங்கு வாக்கு வாங்கிய ஐஎன்பிக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் ஒற்றைத் தொகுதி வழியும் நிலையானதல்ல. 169இல் ஓர் உறுப்பினர் கேள்வி கேட்கலாம், செய்தியாகலாம். வரவுசெலவுத் திட்டத்தை அசைக்க முடியாது. 2025இல் அந்த இடமும் பறிபோனது.

மூன்றாவது வழி, பெரிய கட்சிக்குள் இருந்தே அழுத்தம் கொடுப்பது. மின்கட்டணம், வெளிநாடுகளுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் கம்பிவடம், ஐரோப்பிய ஆற்றல் விதிகள் ஆகியவை தலைநகரில் முடிவாகின்றன. 2025 ஜனவரி இறுதியில், தொழிலாளர் கட்சியோடு கூட்டணி அரசில் இருந்த மையக் கட்சி மூன்று ஐரோப்பிய ஆற்றல் நெறிமுறைகளை எதிர்த்து அரசிலிருந்தே வெளியேறியது. இப்படி ஓர் அரசை உலுக்கும் பலம் வெளியில் நிற்கும் 0.3 விழுக்காட்டுக்கு வராது. அதற்கும் விலை உண்டு: வெளியேறிய அதே கட்சி 2021இன் 28 இடங்களிலிருந்து 2025இல் 9க்கு விழுந்தது. தொழிற்சங்கக் கூட்டமைப்போடு நெருங்கிய தொழிலாளர் கட்சி 2025 அக்டோபரில் கொண்டுவந்த நிலையான மின்விலையும் வீடுகளுக்கும் விடுமுறைக் குடில்களுக்கும்தான், ஆலைகளுக்கு அல்ல. உள்ளே இருந்தாலும் ஆலைக்காரர்கள் வரிசையில் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

ஐஎன்பிக்கு உண்மையில் பலன் தருவது பலர் இரண்டாந்தரமாக நினைக்கும் உள்ளாட்சிதான். 2023 மாவட்ட மன்றத் தேர்தலில் அது சுமார் 3 விழுக்காடு எடுத்தது. அங்கே வரம்பு கிடையாது. 35 பேர் கொண்ட நகராட்சி மன்றத்தில் அதே தோராயக் கணக்கு 2 விழுக்காட்டுக்கு ஓர் இடம் என்று வருகிறது. அந்த இடத்துக்கு அதிகாரமும் உண்டு: 2023இன் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, நிலத்தில் காற்றாலை அமைக்க உரிமம் தருவதற்கு முன் நகராட்சி தன் நிலப்பயன்பாட்டுத் திட்டத்தில் அதற்கு இடம் ஒதுக்கியாக வேண்டும். நிலத்தில் காற்றாலை வேண்டாம் என்று சொல்லும் ஐஎன்பி போன்ற ஒரு கட்சிக்கு இதைவிட நேரான நெம்புகோல் ஸ்டோர்ட்டிங்கிலும் கிடைக்காது. தொழில் மனைக்கு நிலம் ஒதுக்குவதும் அதே மேசையில்தான். ஆகவே முதலில் ஆலை ஊர்களின் நகராட்சிகள், பிறகு ருகாலாந்து போன்ற ஒரே பெரிய தொகுதி என்ற வரிசைதான் சரி என்பது எங்கள் முடிவு.

இந்த வழியிலும் ஓர் ஆபத்து உண்டு, அது வேட்பாளர்களிடம். நகராட்சித் தேர்தலில் வாக்காளர் குறிப்பிட்ட வேட்பாளருக்குத் தரும் தனிவாக்கு பட்டியலின் வரிசையை மாற்றிவிடும். மற்றக் கட்சி வேட்பாளர் பெயரையும் வாக்குச்சீட்டில் சேர்க்கலாம். கடைசியில் எண்ணிக்கைக்காகச் சேர்த்த பெயரே மன்றத்துக்குப் போய்விடக்கூடும். தேர்வானவர் கட்சியை விட்டு விலகினாலும் இடம் அவரோடுதான் போகும், கட்சியால் திரும்பப் பெற முடியாது. எனவே 2027 உள்ளாட்சித் தேர்தலுக்குப் பட்டியல் போடும்போது, நான்கு ஆண்டு மன்றத்தில் உட்காரத் தயாரான ஏழெட்டுப் பேர் கிடைக்காத நகராட்சியை விட்டுவிடுவதே நல்லது.