பெரம்பூர் படிப்பகத்தின் ‘அக்னாஸ்டிக்’ வகுப்பு: ஒரு மதிப்புரை

பெரம்பூரில் ஒரு மாடியில் இயங்கும் சிறு படிப்பகம், ஞாயிறு மாலைகளில் 100 ரூபாய் கட்டணத்தில் தத்துவ வகுப்புகள் நடத்துகிறது. ‘அக்னாஸ்டிக்’ என்ற சொல்லின் பிறப்பைப் பற்றிய வகுப்பு, கொடுத்த பணத்துக்கு மேலாகவே இருந்தது.

கடவுள் உண்டா இல்லையா என்பதை அறிய இயலாது என்போரைக் குறிக்கும் இச்சொல்லை, டார்வினுக்காக வாதாடிய உயிரியலாளர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி 1869-இல் உருவாக்கினார் என்பது பலரும் அறிந்ததே. வகுப்பெடுத்தவர் அதோடு நிற்காமல், அது எங்கிருந்து வந்தது என்பதற்கான இரண்டு சாட்சியங்களை அருகருகே வைத்தார். முதலாவது, ‘ஸ்பெக்டேட்டர்’ இதழாசிரியர் ஆர். எச். ஹட்டன் 1881-இல் எழுதிய கடிதம்: இலண்டனில் ஜேம்ஸ் நோல்ஸ் வீட்டு விருந்தொன்றில் தம் காதுபட ஹக்ஸ்லி இச்சொல்லை முன்மொழிந்தார் என்றும், ஏதென்ஸில் கிறித்தவத் தூதர் பவுல் கண்ட பலிபீடத்தின் வாசகமே அதற்கு மூலம் என்றும் அது கூறுகிறது. அதைச் சொல்லும் பைபிளின் அப்போஸ்தலர் நடபடிகள் 17-ஆம் அதிகாரத்தை வகுப்பாசிரியர் புரட்டுவதற்குள், முன்வரிசையில் இருந்த பெரியவர் ‘அறியப்படாத தேவனுக்கு’ என்று மனப்பாடமாகச் சொல்லிவிட்டார்.

இரண்டாவது, ஹக்ஸ்லியே 1889-இல் எழுதிய கட்டுரை. இலண்டன் அறிஞர்களின் விவாதக் குழுவான மெட்டாபிசிகல் சொசைட்டியில் மற்ற எல்லோருக்கும் ஏதோவொரு கொள்கைப் பெயர் இருக்க, தாம் மட்டும் வாலிழந்த நரியைப் போல நின்றதாகவும், எல்லாம் அறிந்ததாகச் சொல்லிக்கொண்ட பழங்கால ‘ஞாஸ்டிக்’ பிரிவினருக்கு எதிர்ப்பதமாக இப்பெயரைச் சூட்டிக்கொண்டதாகவும் அதில் எழுதுகிறார். சொன்னவரே எழுதியது என்பதால் ஆசிரியர் இதையே ஏற்றார். இது சற்று அவசரமான முடிவு என்பது என் கருத்து. ஹட்டனின் கடிதம் எட்டாண்டு முந்தையது, ஹக்ஸ்லியோ கிறித்தவ அறிஞர்களுடன் கடும் விவாதம் நடந்துகொண்டிருந்தபோது எழுதினார்.

குறைகளும் உண்டு. ஜெராக்ஸ் தாள்கள் மங்கலாக இருந்தன. ஹட்டன் கடிதத்தின் கடைசி வரி என் தாளில் விழவே இல்லை. அதைவிடப் பெரிய குறை, சென்னை இலௌகிக சங்கத்தார் 1882 முதல் 1888 வரை நடத்திய ‘தத்துவ விவேசினி’ இதழைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசப்படாதது. ஹக்ஸ்லியின் கட்டுரை வருவதற்கு முன்பே, கடவுள் நம்பிக்கையையும் சாதியையும் அறிவியல் நோக்கில் விசாரித்துத் தமிழில் எழுதியவர்கள் இதே ஊரில் இருந்தார்கள் என்பதை வடசென்னை மாணவர்களுக்குச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வாய்ப்பு அமையாது.

கல்லூரி மாணவர்கள் தயங்காமல் போகலாம். மாடிப்படி செங்குத்தானது, முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துப் போவது நல்லது.