காலி பாட்டிலில் ஷெல்ஃபும் டீப்பாயும்: எந்த வழி நல்லது?

காலி கண்ணாடி பாட்டில்களில் வீட்டுக்கு ஏதாவது செய்ய நினைத்தால் மூன்று வழிகள் இருக்கின்றன. பாட்டிலை முழுசாக நிறுத்தித் தூணாக்கலாம், வெட்டிப் பயன்படுத்தலாம், உடைத்து சிமெண்டில் கலந்து மொசைக் பலகையாக வார்க்கலாம். வீடியோக்களில் அதிகம் காட்டப்படுவது வெட்டும் வேலை. ஆனால் உட்காரவோ பொருள் வைக்கவோ ஒரு சாமான் வேண்டும் என்றால் என் ஓட்டு முழு பாட்டிலுக்குத்தான்.

காரணம் கண்ணாடியின் குணம். நேராக அமுக்கும் பாரத்தை அது நன்றாகத் தாங்கும். வளைத்தாலோ ஓரத்தில் தட்டினாலோ போய்விடும். நிற்கும் பாட்டிலின் தலையில் பலகையை வைக்கும்போது அதற்குத் தெரிந்த வேலையைத்தான் கொடுக்கிறோம். 1963-ல் ஹைனெக்கன் நிறுவனம், காலியானதும் செங்கல்லாகப் பயன்படும் சதுர பீர் பாட்டிலையே தயாரித்துப் பார்த்தது. கட்டடக் கலைஞர் ஜான் ஹாப்ராகன் வடிவமைத்த அந்த பாட்டிலின் கழுத்து அடுத்ததன் அடியில் செருகிக்கொள்ளும். அது சந்தைக்குப் பரவவில்லை. நம் கையில் இருப்பவை உருண்டை பாட்டில்கள் என்பதால், செருகிக்கொள்ளும் வேலையை மரப்பலகை செய்ய வேண்டும்.

இரண்டு தட்டு ஷெல்ஃப் என்று வைத்துக்கொள்வோம். ஒரே உயரமுள்ள பாட்டில்களை மூலைக்கு ஒன்றாக நிறுத்தி, மேல் பலகையின் அடியில் கழுத்து உட்காரும் அளவுக்குக் குழி போடுங்கள். ஒயின் பாட்டில் சுமார் 30 செ.மீ. உயரம், புத்தகம் நிற்க அந்த இடைவெளி போதும். பாட்டிலின் அடியில் ஓட்டை போட்டு உள்ளே கம்பி விடச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம். திரெட் ராடை (நீளம் முழுக்க மரை போட்ட கம்பி) பாட்டிலுக்குப் பக்கத்தில், வெளியே, பலகையிலிருந்து பலகைக்கு விட்டு நட் போடுங்கள். கண்ணாடி மரத்தைத் தொடும் இடமெல்லாம் பழைய சைக்கிள் ட்யூப் துண்டு. நட்டைக் கையால் இறுக்கினால் போதும், ஸ்பேனர் போட்டு முறுக்கினால் விரிசல் விடும். பக்கவாட்டில் ஆடுவதுதான் இந்த அமைப்பின் பலவீனம். அதனால் மேல் பலகையை எல் ஆங்கிள் வைத்துச் சுவரோடு சேர்த்துவிடுங்கள். கீழ் வரிசை பாட்டில்களில் உலர்ந்த மணல் நிரப்பினால் எடை கீழே இறங்கும்.

எந்த பாட்டில் என்பதும் முக்கியம். பீர் பாட்டில்கள் பழைய பாட்டில் கடை வழியாகத் திரும்பிப் போய், கழுவி மறுபடி நிரப்பப்படுகின்றன. அவை அந்தச் சுற்றிலேயே இருக்கட்டும். உடைந்த கண்ணாடி காட்டு விலங்குகளின் காலைக் கிழிக்கிறது என்ற கவலையில் காலி பாட்டில்களைத் திரும்ப வாங்கச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு, 2022-ல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் திருப்பித் தரும் திட்டம் வந்தது. யாரும் திரும்ப வாங்காத ஒயின், சாஸ், ஆலிவ் எண்ணெய் பாட்டில்களைச் சேருங்கள். ஒரே அளவில் எட்டு கிடைப்பதற்குள் மாதங்கள் ஓடலாம். இந்த வேலையில் கஷ்டமான பகுதி அதுதான்.

வெட்டுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கண்ணாடி கட்டரால் ஒரே ஒரு கோடு கீறி, வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் மாறி மாறி ஊற்றினால் பிரியும். பாட்டிலின் கனம் எல்லாப் பக்கமும் ஒன்றாக இராது, ஆகவே வெடிப்பு கோட்டை விட்டு ஓடுவதும் உண்டு. அப்புறம் 120, 220, 400 நம்பர் வாட்டர் பேப்பரில் ஈரம் காயாமல் தேய்க்க வேண்டும்; மாஸ்க் கட்டாயம். அசிட்டோனில் நனைத்த நூலை பாட்டிலில் சுற்றிக் கொளுத்தும் முறையை வீட்டில் செய்யாதீர்கள். வெட்டிய விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் தங்கிவிடும், பாரம் ஏறினால் உடைசல் அங்கேதான் தொடங்கும். விளக்குக் கூடு, பேனா ஸ்டாண்டு, செடித்தொட்டி என்றால் சரி. மேசைக்குக் காலாக வைக்கக் கூடாது.

உடைத்து வார்க்கும் வழிக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: ஒரே அளவு பாட்டில் தேவையில்லை, உடைந்ததும் உதவும். சாக்குக்குள் போட்டு, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து சுத்தியலால் தட்ட வேண்டும். கவனிக்க வேண்டியது சிமெண்ட். அதிலுள்ள காரம் ஈரத்தில் கண்ணாடியோடு வினைபுரிந்து, ஊதும் பசையாக மாறிப் பலகையை விரிசல் விடச் செய்யும். நிலக்கரிச் சாம்பல் இதை அடக்கும். கடையில் கிடைக்கும் பிபிசி (மூட்டையில் PPC என்று இருக்கும்) சிமெண்டில் அந்தச் சாம்பல் ஏற்கெனவே கலந்திருக்கிறது. பார்வைக்காக வெள்ளை சிமெண்ட் எடுத்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. ஒன்றரை அடி சதுரம், ஓர் அங்குல கனத்துக்குப் பலகை சுமார் 12 கிலோ வரும். உள்ளே கோழிவலை வைத்து, ஒரு வாரம் ஈரச்சாக்கு போட்டு, பிறகு மேலே கண்ணாடி நெருடாத அளவுக்குத் தேய்க்க வேண்டும். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டின் டீப்பாய்க்கு முழு பாட்டிலைவிட இதையே சொல்வேன், தட்டிவிட்டாலும் கண்ணாடி சிதறாது. கால்களை மட்டும் இரும்பில் அடித்துக்கொள்ளுங்கள்.