எல்எஸ்பிசிஐ: எண்ணை நம்பலாம், பெயரை அல்ல

லினக்ஸில் வைஃபை வரவில்லை என்றதும் கை முதலில் தட்டும் கட்டளை எல்எஸ்பிசிஐ; கணினியின் உள்ளே பிசிஐ இணைப்பில் இருக்கும் சாதனங்களைப் பட்டியலிடும். வெறுமனே தட்டினால் பாதிப் பயன்தான். கூடவே ‘மைனஸ் என்என்கே’ போடுங்கள். கருவியின் அருமையெல்லாம் அந்த மூன்று எழுத்தில்தான்.

ஒவ்வொரு சாதனத்துக்கும் சதுர அடைப்புக்குள் இரண்டு எண்கள் வரும். முதலாவது தயாரிப்பாளர்: 8086 இன்டெல், 1022 ஏஎம்டி. அடுத்தது மாடல். பூட் ஆகும்போது கர்னல், அதாவது லினக்ஸின் மையப்பகுதி, பிசிஐ பஸ்ஸில் ஒவ்வோர் இடமாகக் கேட்க, சிப்பே சொன்ன எண்கள் இவை. ஆளில்லாத இடத்திலிருந்து எல்லா பிட்டும் 1 ஆகத் திரும்பும். கர்னல் அடுத்த இடத்துக்குப் போய்விடும்.

பெயர் அப்படியல்ல. டிஸ்கில் கிடக்கும் ‘பிசிஐ டாட் ஐடிஸ்’ என்ற டெக்ஸ்ட் ஃபைலிலிருந்து வருவது. அது பழசானால் புது கார்டு பெயரில்லாமல் வெறும் ‘டிவைஸ்’ என்று நிற்கும். பதற வேண்டாம். டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளை, சேர்க்கக் கர்னல் பார்ப்பது எண்களையும் வகைக் குறியீட்டையும்தான், இந்த ஃபைலை அல்ல. ‘அப்டேட்-பிசிஐஐடிஸ்’ ஓட்டினால் பெயர் வரும், வேறொன்றும் மாறாது.

ஒவ்வொரு சாதனத்துக்கும் கீழே வரும் இரண்டு வரிகளில்தான் விஷயம். ‘கர்னல் மாட்யூல்ஸ்’ இருந்து ‘கர்னல் டிரைவர் இன் யூஸ்’ இல்லையென்றால், பொருந்தும் டிரைவர் இருக்கிறது, கார்டைப் பிடிக்கவில்லை. ஏன் என்று மட்டும் இந்தக் கருவி வாயே திறக்காது. பெரிய குறை இதுதான். கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையைத்தான் பார்க்க வேண்டும். அங்கே ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஏற்றப்படும் மென்பொருள்) லோட் பிழை -2 என்றிருந்தால், கேட்ட ஃபைல் டிஸ்கில் இல்லை. ஃபர்ம்வேர் பேக்கேஜை நிறுவுங்கள். இரண்டு வரியுமே இல்லையா? அந்த எண்ணை அறிந்த டிரைவர் இந்தக் கர்னலோடு வரவில்லை. பெரும்பாலும் புது கர்னலோ தனி டிரைவரோ தேவைப்படும்.

கார்டு இணைப்பின் வேகம் பார்க்க எல்எஸ்பிசிஐயோடு ‘மைனஸ் விவி’. சூடோ (நிர்வாகி உரிமை) இல்லாமல் ஓட்டினால் ‘ஆக்சஸ் டினைட்’ என்று கதவடைக்கும். லிங்க் கேப் என்பது கார்டால் முடிந்தது, லிங்க் ஸ்டா இப்போது ஓடுவது. சும்மா இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்கு 2.5 ஜிடி (கிகா டிரான்ஸ்ஃபர்) வேகத்துக்கு இறங்குவது மின்சிக்கனம். லோடு கொடுத்துவிட்டுப் பாருங்கள். லேன் (தரவு ஓடும் இணைத் தடம்) எண்ணிக்கை குறைந்திருந்தால் கார்டு ஸ்லாட்டில் சரியாக உட்காரவில்லை, அல்லது ஸ்லாட்டின் வயரிங்கே அவ்வளவுதான்.

லேப்டாப் கேமரா பட்டியலில் இல்லையென்று திட்டாதீர்கள். அது பெரும்பாலும் யுஎஸ்பி, அதற்கு ‘எல்எஸ்யுஎஸ்பி மைனஸ் டி’. யுஎஸ்பி 3 டிஸ்க் அங்கே 5000எம் காட்டாமல் 480எம் காட்டினால், முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.