பொது மண்டபத்துக்கு வெளிநாட்டு அரச மானியம் பெற்றுத் தருவதாக வருபவர்கள் குறித்து: திருகோணமலையிலிருந்து ஓர் எச்சரிக்கை

திருகோணமலை மாவட்டத்தில் பொது மண்டபம், வாசிகசாலை, பாலர் பாடசாலை, விளையாட்டுக் கழகக் கட்டடம் போன்றவற்றுக்காக நிதி தேடிக்கொண்டிருக்கும் சங்கங்களின் பொறுப்பாளர்கள் இந்தப் பதிவை இறுதிவரை வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் சங்கம் 285,000 ரூபாயை இழந்தது. அதைவிடப் பெரிய இழப்பு, நியாயமாக எங்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய உள்ளூர் நிதியைக் கைவிட்டதாகும். பொலிஸ் நிலையத்தில் கொடுத்த முறைப்பாடு விசாரணையில் இருப்பதால், எங்களை ஏமாற்றியவரின் பெயரையும் அவர் சொல்லிக்கொண்ட நிறுவனத்தின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. அவர் கையாண்ட முறையை மட்டும் விளக்கமாக எழுதுகிறேன். அதே முறையுடன் அவரோ வேறொருவரோ இன்னொரு சங்கத்தின் வாசலுக்குப் போவதற்கு எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

எங்கள் மண்டபம் பாலையூற்றைக் கடந்து சீனக்குடாப் பக்கமாகச் செல்லும் வழியில் இருக்கிறது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சில பறங்கிக் குடும்பங்களும் அயலவராக வாழும் இடம் அது. திருமண வீட்டு விருந்து, மரண வீட்டின் எட்டாம் நாள், நோன்புக் காலத்து இப்தார், வெசாக் தானம், ஒளிவிழா, பிள்ளைகளின் மாலை வகுப்பு என்று எல்லாமே அந்த ஒரே கூரையின் கீழ்தான் நடக்கின்றன. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்தபோது கரையோரத்திலிருந்து ஓடிவந்த குடும்பங்கள் அங்கேதான் தங்கின; யார் எந்த மதம் என்று அன்று எவரும் கேட்கவில்லை. இப்போது அஸ்பெஸ்டஸ் கூரைத்தகடுகள் வெடித்து, மாரி மழையில் மண்டபத்தின் பாதி நனைகிறது. பெண்களுக்குத் தனியான கழிப்பறை இல்லை. சமையற்கட்டின் சுவர் பிளந்திருக்கிறது. இவற்றைத் திருத்தத்தான் மானியம் தேடினோம்.

கடந்த ஆண்டு தை மாதம், நன்றாக உடுத்திய, தமிழும் சிங்களமும் சரளமாகப் பேசும் ஒருவர் எங்கள் தலைவரைத் தேடி வந்தார். அவுஸ்திரேலிய அரசாங்கம் பல்கலாசாரச் சமூக மண்டபங்களுக்கு மானியம் வழங்குவதாகவும், இந்த மாவட்டத்தின் 11 பிரதேச செயலகப் பிரிவுகளிலும் பிரிவுக்கு ஒன்றாகத் தெரிவு நடப்பதாகவும், மூன்று இனத்தவரும் பாவிக்கும் மண்டபம் என்பதால் எங்களுக்கே முன்னுரிமை என்றும் சொன்னார். அவர் காட்டிய கடிதத்தில் அந்த நாட்டின் அரச இலச்சினை இருந்தது. ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்த அந்த நான்கு பக்கங்களையும் எங்களில் எவரும் முழுமையாக வாசிக்கவில்லை. செயலாளர் என்ற முறையில் அதை வாசித்திருக்க வேண்டியவன் நான்.

முதலில் திட்ட முன்மொழிவு தயாரிப்பதற்கென்று 35,000 ரூபாய் கேட்டார். பங்குனியில், பதிவுக் கட்டணம் என்று 90,000 ரூபாய். ஆனியில், விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டது, பணம் விடுவிக்கப்படும் முன் உத்தரவாதத் தொகை வைக்க வேண்டும், அது முழுவதும் பிறகு திரும்பி வரும் என்று 160,000 ரூபாய். ஒவ்வொரு தொகைக்கும் ஒரு கடிதம் வந்தது. ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு கடைசித் திகதி இருந்தது. அந்தத் திகதி எப்போதும் நான்கைந்து நாட்களுக்குள் முடிவதாகவே இருக்கும், ஆகவே நிர்வாகக் குழுவைக் கூட்டி ஆறுதலாகப் பேச அவகாசம் கிடைக்கவில்லை. பணம் நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்குப் போகவில்லை; ஒரு தனிநபரின் கணக்குக்கே போனது. வங்கியின் வைப்புச் சீட்டுகள் எங்களிடம் இருக்கின்றன, அவர் கையால் எழுதிய பற்றுச்சீட்டு ஒன்றுகூட இல்லை.

எங்கள் உப தலைவர் வயதில் மூத்தவர், நாங்கள் எல்லோரும் நானா என்று அழைப்பவர். அவர் இரண்டாவது தொகையின்போதே கேட்டார்: “தம்பி, அரசாங்கம் தாற காசுக்கு நாம ஏன் முன்காசு கட்ட வேணும்?” வெளிநாட்டு நடைமுறை வேறாக இருக்கும் என்று நான் பதில் சொன்னேன். அந்தப் பதிலுக்கு என்னிடம் எந்த ஆதாரமும் இருக்கவில்லை. எங்கள் பொருளாளர் ஓய்வுபெற்ற ஆசிரியை. மண்டபக் காணியின் அனுமதிப்பத்திர மூலப்பிரதியை அத்தாட்சிப்படுத்துவதற்காகத் தரும்படி அந்த நபர் மூன்று முறை கேட்டபோதும், நிழற்பிரதிக்கு மேல் எதையும் கொடுக்க மாட்டேன் என்று ரீச்சர் உறுதியாக நின்றார். காணி இன்று எங்கள் கையில் இருப்பது அவரால்தான்.

சித்திரை மாதத்தில் பிரதேச செயலகத்திலிருந்து எங்களுக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. அவசரத் திருத்தம் தேவைப்படும் பொதுக் கட்டடங்களுக்கான முன்மொழிவுகளை அது கோரியிருந்தது. அதை அந்த நபரிடம் காட்டியபோது, ஒரே கட்டடத்துக்கு இரண்டு அரசாங்கங்களிடம் நிதி கேட்பது குற்றம், உள்ளூர் விண்ணப்பம் போட்டால் வெளிநாட்டு விண்ணப்பம் உடனே இரத்தாகிவிடும் என்றார். ஒரே வேலைக்கு இருமுறை நிதி பெறக்கூடாது என்பது உண்மையான விதிதான். ஆனால் கூரைக்கு ஓரிடத்திலும் கழிப்பறைக்கு இன்னோரிடத்திலும் விண்ணப்பித்து, அதை இரு இடங்களுக்கும் வெளிப்படையாக அறிவிப்பதை அந்த விதி தடுப்பதில்லை. உண்மையான ஒரு விதியை எடுத்து அதை எங்களைக் கட்டிப்போடும் கயிறாக அவர் மாற்றினார். நாங்கள் உள்ளூர் முன்மொழிவை அனுப்பவில்லை. இலங்கை அரசின் நிதியாண்டு ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. அந்த ஆண்டுக்கு ஒதுக்கிய பணத்தை ஆண்டு முடிந்த பிறகு கேட்க முடியாது. அந்தப் பட்டியலில் எங்கள் மண்டபம் இல்லாமற்போனது.

ஆவணி மாதத்தில், மெல்பேர்ணில் வாழும் என் சித்தப்பாவின் மகளிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். கடிதங்களைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பும்படி கேட்டாள். ஒரு மணித்தியாலத்துக்குள் திரும்ப அழைத்தாள். “அண்ணா, இதுக்கு விண்ணப்பிக்க ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. இது இங்க இருக்கிற சங்கங்களுக்கு மட்டும்தான்” என்றாள். எனக்குக் கை நடுங்கியது.

அவள் விளக்கியதை எல்லோரும் அறிந்துகொள்ள வேண்டும். அந்த நபர் சொன்ன மானியம் கற்பனை அல்ல. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில அரசாங்கம் பல்கலாசாரச் சமூக உட்கட்டமைப்பு நிதியம் என்ற பெயரில், குடியேறி வந்த சமூகங்களின் மண்டபங்களையும் நிலையங்களையும் கட்டவும் திருத்தவும் பணம் வழங்கியிருக்கிறது. குடியேறியவர்களுக்கான சேவைகளில் அரசாங்கம் கூடுதலாகச் செலவிட வேண்டும் என்று 1978 இல் கல்பாலி அறிக்கை பரிந்துரைத்த காலத்திலிருந்து அந்த நாட்டில் இப்படியான நிதியுதவிக்கு ஒரு தொடர்ச்சி உண்டு. ஆனால் ஒரு மாநில அரசாங்கம் தன் வரிப்பணத்தைத் தன் மாநிலத்தில் உள்ள கட்டடத்துக்கே கொடுக்கும். சீனக்குடா வீதியில் உள்ள கட்டடத்துக்குக் கொடுக்காது. யார் விண்ணப்பிக்கலாம் என்ற பகுதி அதன் வழிகாட்டிக் குறிப்பிலேயே இருக்கிறது. நாங்கள் அந்தக் குறிப்பைக் கேட்டு வாங்கி அந்த ஒரு பகுதியை மட்டும் வாசித்திருந்தால் முதல் 35,000 ரூபாயே போயிருக்காது.

போலிக் கடிதத்தில் இன்னும் இரண்டு தடயங்களை அவள் காட்டினாள். நிதியாண்டு டிசம்பர் 31 உடன் முடிவதால் உத்தரவாதத் தொகையை விரைவாகக் கட்ட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அவுஸ்திரேலிய அரசாங்கங்களின் நிதியாண்டு ஜூலை 1 இல் தொடங்கி ஜூன் 30 இல் முடிகிறது. கடிதத்தை எழுதியவர் நம் நாட்டு நாட்காட்டியை வைத்தே எழுதியிருக்கிறார். மற்றது மின்னஞ்சல் முகவரி. அங்குள்ள அரச அலுவலகங்களின் முகவரி ஜீ.ஓ.வி. டொட் ஏ.யூ. என்றும், இங்குள்ளவற்றின் முகவரி ஜீ.ஓ.வி. டொட் எல்.கே. என்றும் முடியும். எங்களுக்கு வந்த எல்லாக் கடிதங்களிலும் இருந்தது எவரும் இலவசமாகத் திறக்கக்கூடிய ஒரு ஜிமெயில் முகவரி.

இலங்கையில் இருக்கும் ஒரு சங்கம் அவுஸ்திரேலிய அரசின் உதவியைக் கேட்பதற்கு உண்மையான வழி ஒன்று உண்டு. கொழும்பில் உள்ள அவுஸ்திரேலிய உயர்ஸ்தானிகராலயம் நேரடி உதவித் திட்டம் என்ற பெயரில் சிறிய சமூகத் திட்டங்களுக்கு விண்ணப்பம் கோருகிறது. யப்பான் தூதரகத்திடமும் அடிமட்ட மக்களுக்கான ஒரு மானியத் திட்டம் இருக்கிறது. இரண்டுக்கும் விண்ணப்பக் கட்டணம் இல்லை, இடைத்தரகரும் தேவையில்லை. எந்த நாட்டின் பெயரைச் சொல்லி எவர் வந்தாலும், அந்த நாட்டின் தூதரகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தால் போதும். நாங்கள் ஏழு மாதமாக அந்த அழைப்பை எடுக்கவில்லை.

உள்ளூர் நிதி நடக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். இதை அறியாத சங்கங்களைத்தான் இப்படியானவர்கள் தேடி வருகிறார்கள். கிராம உத்தியோகத்தர் அல்லது அபிவிருத்தி உத்தியோகத்தர் ஊடாகக் கோரிக்கை பிரதேச செயலகத்தின் திட்டமிடல் கிளைக்குப் போகும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அளந்து மதிப்பீடு தயாரிப்பார். அதற்குச் சங்கம் அவருக்குப் பணம் கொடுக்கக்கூடாது, எவரும் கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம். வேலை சங்கத்திடமே ஒப்படைக்கப்பட்டால், முடித்த வேலையை அளந்த பிறகு சங்கத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்குப் பணம் வரும். இந்தப் பாதையில் எந்த இடத்திலும் பதிவுக் கட்டணமோ உத்தரவாதத் தொகையோ தனிநபர் கணக்குக்குப் போவதில்லை. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்த பிறகு, மாகாண நிதியைப் பற்றிக் கேட்பதற்கு ஊரவர் நேரே அணுகக்கூடிய தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் இல்லாமற்போனதும் எங்களைப் போன்றவர்கள் தரகர்களை நம்பியதற்கு ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். எங்களை ஏமாற்றியவர் தப்பிய பிறகுதான் நாங்கள் அதைப் பயன்படுத்தினோம். எந்த மண்டபங்களுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எங்கள் சங்கத்துக்கு எப்போது கடிதம் அனுப்பப்பட்டது என்று பிரதேச செயலகத் தகவல் அலுவலரிடம் தமிழில் எழுதிக் கொடுத்தோம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். எங்களுக்கு ஒழுங்காகப் பதில் கிடைத்தது. நாங்கள் தவறவிட்ட வாய்ப்பு எது என்று அதில்தான் தெளிவாகத் தெரிந்தது.

பணத்தைவிட என்னை இன்றுவரை உறுத்துவது வேறொன்று. மூன்று இனத்தவரின் ஆதரவையும் காட்ட வேண்டும் என்று கேட்டு, கோயில் பரிபாலன சபை, பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை, விகாரை, தேவாலயம் ஆகிய நான்கிடமிருந்தும் கையெழுத்தும் முத்திரையும் இட்ட கடிதங்களை அந்த நபர் எங்களைக் கொண்டே எடுப்பித்தார். அந்தக் கடிதங்கள் வேறு இடங்களில் காட்டப்பட்டிருக்கின்றன. மூதூர்ப் பக்கத்துச் சங்கம் ஒன்றின் செயலாளர் எங்கள் கடிதத்தின் பிரதியை எனக்கே அனுப்பி, இவர்கள் உங்களுக்கு மானியம் எடுத்துத் தந்தார்களா என்று கேட்டார். போருக்குப் பிறகு ஒருவர் வாசலுக்கு ஒருவர் போகத் தயங்கிய ஆண்டுகளைக் கண்டவர்கள் நாங்கள். நாலு சமயத்தவரும் ஒரே தாளில் கையெழுத்திடும் அளவுக்கு வந்த நம்பிக்கை, எவரோ ஒருவர் மற்றவரை ஏமாற்றும் கருவியானது. விகாராதிபதி அவர்களிடம் நேரில் சென்று நடந்ததைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, இனிக் கடிதம் தரும்போது எந்த அலுவலகத்துக்கு, எந்தத் தேவைக்கு, எந்தத் திகதிவரை என்று அதிலேயே எழுதித் தருவேன் என்றார். நீங்களும் ஆதரவுக் கடிதம் வாங்கினால் அவ்வாறே வாங்குங்கள்; பெறுபவர் யார் என்று குறிப்பிடாத “சம்பந்தப்பட்டவருக்கு” என்ற கடிதத்தை எவரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

தண்டனைச் சட்டக் கோவையின் 403 ஆம் பிரிவு ஏமாற்றிப் பணம் பெறுவதைக் குற்றமாகச் சொல்கிறது. வைப்புச் சீட்டுகள், வட்ஸ்அப் செய்திகள், கடிதங்கள் எல்லாவற்றையும் திகதி வரிசையில் அடுக்கிப் பொலிஸ் முறைப்பாட்டுடன் கொடுத்திருக்கிறோம். உங்களிடமும் இப்படி எவரும் பணம் வாங்கியிருந்தால், அவமானம் என்று நினைத்து மறைக்காமல் உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் தனி முறைப்பாடு செய்யுங்கள். பல முறைப்பாடுகள் ஒரே வங்கிக் கணக்கைச் சுட்டும்போதுதான் இது தனிப்பட்ட கொடுக்கல் வாங்கல் என்ற அவருடைய வாதம் நிற்காது.

பொதுக்கூட்டத்தின் தீர்மானப்படி எங்கள் சங்கத்தின் இறப்பர் முத்திரை மாற்றப்பட்டுள்ளது. பழைய முத்திரை வட்டமானது, புதியது நீள்சதுரமானது. வட்ட முத்திரையுடன் எங்கள் சங்கத்தின் பெயரில் உங்களிடம் எவரும் கடிதம் காட்டினால், அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, பணம் எதுவும் கொடுக்காமல் பொலிஸாருக்கு அறிவியுங்கள்.