எஸ்டேட் ஜீப் ஒன்றோடு பத்து வருடத்துக்கும் மேல்: மஹிந்திரா சிஜே-3பி அனுபவம்

பழைய ஜீப் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, வாரத்துக்கு ஒரு நாள் அதை வெளியே எடுத்து ஓட்ட உங்களுக்கு நேரம் இருக்குமா என்றுதான். பணம், நிறுத்த இடம், நல்ல மெக்கானிக் எல்லாம் அதற்கு அப்புறம். என்னிடம் இருப்பது 1960களின் கடைசியில் வந்த மஹிந்திரா சிஜே-3பி, பெட்ரோல். வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் காலமெல்லாம் உழைத்துவிட்டு, ஷெட்டில் கோழி அடையும் நிலையில் கிடந்தது. பொள்ளாச்சிக்குக் கொண்டுவந்து, அக்கக்காகப் பிரித்துப் பூட்டி, பத்து வருடத்துக்கும் மேலாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பிரித்துப் பூட்டிய கதையை எல்லோரும் ஆசையாகக் கேட்பார்கள். அதற்குப் பிறகு வண்டியை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்று யாரும் கேட்பதில்லை. அதுதான் பெரிய வேலை, சந்தோஷமும் அதில்தான் இருக்கிறது.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம். வில்லிஸ் நிறுவனம் 1953-இல் சிஜே-3பியைக் கொண்டுவந்தது. உலகப் போர் ஜீப்பில் இருந்த எஞ்சினில் எல்லா வால்வும் பிளாக்கிலேயே பக்கவாட்டில் இருக்கும். இதில் இன்லெட் வால்வை மட்டும் மேலே ஹெட்டுக்குத் தூக்கிவிட்டார்கள், எக்ஸாஸ்ட் வால்வு பழையபடி பிளாக்கிலேயே நின்றுவிட்டது. எஞ்சின் உயரமானதால் பானெட்டையும் உயர்த்த வேண்டியதாயிற்று. இந்த மாடலின் நெற்றி மேடாக இருப்பதற்கு அதுதான் காரணம். அழகில்லை என்பவர்கள் உண்டு. எனக்கு அந்த முகம்தான் பிடிக்கும். அமெரிக்காவில் 1968-இல் இந்த மாடல் நின்றது. ஜப்பானில் மிட்சுபிஷி இதே வழியில் வந்த ஜீப்பை 1998 வரை செய்தது. 1947-இல் பம்பாயில் ஜீப் பூட்டத் தொடங்கிய மஹிந்திராவும் இந்த உடலை விடாமல் பிடித்துக்கொண்டு, டீசல் எஞ்சின் வைத்துப் பல வருடம் விற்றது. அதனால் நமக்கு ஒரு பெரிய சௌகரியம்: பிரேக், ஆக்ஸில், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துவிடும் கியர்பெட்டி) பாகங்களில் பலவற்றை இன்றும் கோவை உக்கடத்திலோ சென்னை புதுப்பேட்டையிலோ தேடி எடுத்துவிடலாம்.

வாங்கும்போது நான் வண்டியைப் பார்ப்பதற்கு முன் ஆர்.சி.யைப் பார்த்தேன். பெட்ரோல் விலைக்குப் பயந்து ஏகப்பட்ட சிஜேக்களில் ஒரு காலத்தில் டீசல் எஞ்சின் ஏற்றிவிட்டார்கள். அதை ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்டிருந்தால் எஃப்.சி. காட்டும்போது தலைவலி. கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னபிறகு ஆர்.டி.ஓ. ஆபீஸில் பிடி இன்னும் இறுகிவிட்டது. சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டையும் துருவைச் சுரண்டி, டார்ச் அடித்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பாருங்கள்.

50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. நம்பரில் விஏ என்று வரும், புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைச் சாதாரணமாக ரோட்டில் ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது என்ற அளவுக்குத்தான். அதனால் நான் அதற்குப் போகவில்லை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சாதாரண மறுபதிவுதான் செய்கிறேன். கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, 2025-இல் இருபது வருடம் தாண்டிய வண்டிகளுக்கு இன்னும் ஏறிவிட்டது. ஒழுங்காகப் பராமரித்து, மாதத்தில் நாலைந்து நாள் மட்டும் ஓடும் வண்டிக்கு இந்தச் சுமை நியாயமில்லை என்றே நினைக்கிறேன். இருந்தாலும் ஓட்டுகிற உரிமைக்காகக் கட்டத்தான் வேண்டும்.

பாடி வேலையில் எங்கள் எதிரி பட்டி, அதாவது பள்ளத்தையும் ஓட்டையையும் மறைக்க அப்பும் பசை. முன்னால் யாரோ ஒரு பட்டறையில் துருவை வெட்டி எடுக்காமல் விரல் கனத்துக்குப் பட்டி அப்பிப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஒரு சின்னக் காந்தத்தை வைத்துத் தடவிக்கொண்டே போனால் ஒட்டாத இடமெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். தரைத்தகட்டுக்கு அடியில் குறுக்கே ஓடும் பெட்டி போன்ற பட்டைகள்தான் இந்த ஜீப்பில் முதலில் போகும். எஸ்டேட் சேறு உள்ளே புகுந்து, மழைக்காலம் முழுக்க ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். டிங்கர் வேலை செய்பவரிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன்: துருப்பிடித்ததை வெட்டி எடுத்துவிட்டு அதே கனத்தில் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும், பட்டி கடைசியில் மேல்பூச்சுக்கு மட்டும். அந்தப் பட்டைகளில் தண்ணீர் வடிய ஓட்டையும் போட்டோம். இன்றுவரை அங்கே துரு எட்டிப்பார்க்கவில்லை.

எஞ்சின் 2199 சிசி. சிலிண்டரின் போர் (குறுக்களவு) சின்னது, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) நீளம், அதனால் ஆக்சிலரேட்டரை அதட்டாமலேயே இழுக்கும். கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் போர் போட்டு, வால்வு சீட் மாற்றி, அதற்குப் பிறகு திறக்க வேண்டி வரவில்லை. ஆனால் சின்னச் சின்னக் கவனிப்பு கேட்டுக்கொண்டே இருக்கும், குறிப்பாக, பிளக்கில் பொறி வர மின்சாரத்தை விட்டு விட்டு வெட்டும் கான்டாக்ட் பாயின்ட். நான் செய்யும் விதம் இது. பிளக்குகளைக் கழற்றி, முன்னால் ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைச் செருகி, எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் கேமின் மேடு பாயின்ட்டைத் தள்ளி முழுசாகத் திறக்கும் இடத்தில் நிறுத்தி, 0.020 அங்குல ஃபீலர் கேஜை நுழைத்தால் லேசாக உரசிக்கொண்டு வெளியே வர வேண்டும். தடையே இல்லாமல் வந்தால் இடைவெளி அதிகம், இழுத்தால் குறைவு. ஸ்குரூவை இறுக்கும்போது பாயின்ட் கொஞ்சம் நகரும் என்பதால் இறுக்கிய பிறகு மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். அப்புறம் ஒரு வெள்ளைத் தாளை நடுவில் விட்டு இழுத்தால் எண்ணெய்ப் பிசுக்கு தாளில் வந்துவிடும். பிளக்குகளைத் திரும்ப மாட்டினால் அவ்வளவுதான், ஹேண்டிலிலேயே அரைச் சுற்றில் பிடித்துக்கொள்ளும். கணினி வைத்துக் கண்டுபிடிக்க வேண்டிய எதுவும் இந்த வண்டியில் இல்லை, எல்லாம் கண்ணுக்கும் கைக்கும் எட்டும் இடத்தில் இருக்கிறது. அதற்காகவே இதை நேசிக்கிறேன்.

வாரம் ஒருமுறை ஓட்ட வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். எங்கள் ஊர்ப் பட்டறையில் ஒரு பெரியவர், பழைய ஜீப் வேலைக்கென்றே பேர் போனவர், வண்டியை ஒப்படைத்த அன்று சொன்னது: "நிறுத்தி மட்டும் வெக்காதீங்க தம்பி. ஓடுற ஜீப்ப நாங்க எப்படியும் பாத்துக்குவோம், நின்ன ஜீப்பத்தான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க." இரண்டு மாதம் நின்ற சிஜே ஒன்றைத் திறந்து பார்த்தால் அவர் சொன்னது புரியும். கார்ப்ரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் வற்றிப் பிசின்போல ஒட்டியிருக்கும். வீல் சிலிண்டரில் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருக்கும். மழைக்காலமாக இருந்தால் கிளட்ச் பிளேட் ஃபிளைவீலோடு ஒட்டிக்கொண்டு கியரே விழாது. ஆயில் சீல்கள் காய்ந்து, ஓட்டத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக ஒழுகும். ஸ்டார்ட் செய்து நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் விட்டு அணைப்பதும் போதாது. எஞ்சின் நன்றாகச் சூடேறாவிட்டால் உள்ளே படிந்த ஈரம் ஆயிலோடு கலந்துவிடும். ஆழியாறு வரை போய்த் திரும்பினால் எல்லாம் சூடாகும், பிரேக்கும் வேலை செய்யும், கியர்பாக்ஸ் எண்ணெயும் எல்லா இடத்துக்கும் போகும். மாதத்தில் ஒரு நாள் முன்சக்கர ஹப்பையும் லாக் செய்து (சக்கரத்தை முன் ஆக்ஸிலோடு இணைத்து) மண் பாதையில் ஓட்டுவேன். இல்லாவிட்டால் முன் ஆக்ஸில் உள்ளே எதுவும் சுற்றாமல், மேல்பாகம் எண்ணெய் பார்க்காமல் கிடக்கும்.

இப்போது வந்திருக்கும் புதுக் கவலை, 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வண்டியின் ரப்பர் எதுவும் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. முதலில் போனது பெட்ரோல் ஹோஸ். உள்பக்கம் இளகி, கறுப்புத் துகள் ஃபில்டரில் சேர்ந்தது. அப்புறம் பெட்ரோல் பம்பின் டயஃப்ரம். இரண்டையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிட்டேன். எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும், இரும்பு டேங்கில் துரு அப்படித்தான் தொடங்கும். அதனால் டேங்க்கைப் பாதிக்குக் கீழே போகவிடுவதில்லை, நீண்ட நாள் நிறுத்த நேர்ந்தால் பெட்ரோல் வரும் வால்வை மூடிவிட்டு கார்ப்ரேட்டரில் இருப்பது தீரும்வரை ஓடவிட்டுத்தான் அணைப்பேன். மைலேஜ் முன்பே லிட்டருக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டர்தான். இப்போது அதிலும் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

ஃபோர் வீல் பற்றி. கியர் லிவருக்குப் பக்கத்தில் இரண்டு குட்டி லிவர். ஒன்று முன்சக்கரத்துக்கு, இன்னொன்று ஹை, லோவுக்கு (லோ என்றால் வேகம் குறைந்து இழுவை கூடும்). முன்சக்கரத்தைப் போடாமல் லோ விழாது, அப்படித்தான் உள்ளே பூட்டு வைத்திருக்கிறார்கள். லோவில் முதல் கியரில் எஞ்சின் சுமார் 37 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். தேயிலைக்காட்டுக்குள் சேறான இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமலே இறங்கலாம். தொடாமல் இருப்பதுதான் பாதுகாப்பும். ஆனால் முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழிவிடும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டுத் திருப்பினால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கி, லிவர் வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும், ஷாஃப்ட் இணைப்பில் இருக்கும் கிராஸ் உடைந்தாலும் ஆச்சரியமில்லை. கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். கடையில் ஜிஎல்-5 இன்னும் உசத்தி என்று தருவார்கள், அதில் இருக்கும் கந்தகக் கலவை கியர் உரசாமல் விழ உதவும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கும்.

பிரேக்கில் யாரும் சமாதானம் செய்துகொள்ளக் கூடாது. நான்கு சக்கரத்திலும் டிரம், எல்லாவற்றுக்கும் பிரேக் ஆயில் ஒரே சர்க்யூட்டில்தான். ஒரு வீல் சிலிண்டர் ஒழுகினால் பெடல் தரைக்குப் போய்விடும், காப்பாற்ற வேறு வழி இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை முழுசாக மாற்றுகிறேன், ஒழுகினாலும் ஒழுகாவிட்டாலும். ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்டைப் பிடிக்கிறது. இதில் ஒரு ஆபத்து பலருக்குத் தெரியாது: பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால், ஹேண்ட்பிரேக் முழுசாகப் போட்டிருந்தாலும் வண்டி உருளும். தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருப்பது மறுபக்கம் உருள டிஃபரன்ஷியல் வழிவிட்டுவிடும். கல் வைக்காமல் இந்த வண்டியைத் தூக்கவே கூடாது. டயர் கழற்றும்போது இன்னொன்று: என் வண்டியில் இடப்பக்க நட்டுகளுக்கு இடது மரை, கழற்ற எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். பஞ்சர் கடைப் பையன்கள் வழக்கம்போல மிதித்து ஸ்டட்டை உடைத்துவிடுவார்கள், அதனால் பக்கத்திலேயே நின்று சொல்லிவிடுவேன். டயர் சைஸ் 6.00-16. அதே சைஸில் டிராக்டர் முன்டயர் மலிவாகக் கிடைக்கும். அதை ரோட்டு வண்டிக்குப் போடாதீர்கள்.

ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் உதறினால் எல்லோரும் ஸ்டியரிங் பாக்ஸைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் தப்பு நடுவில் இருந்து ஸ்டியரிங் அசைவைச் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பெல் கிராங்கிலும், முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னின் பேரிங்கிலும்தான் இருக்கும். பெல் கிராங்கின் புஷ்ஷையும் பின்னையும் மாற்றி, கிங்பின்னில் ஷிம் சரிசெய்த பிறகு என் வண்டி நேராக ஓடுகிறது. பாக்ஸைத் தொடவே இல்லை.

வால்பாறை ஏற்றத்தில் நாற்பது கொண்டை ஊசி வளைவு. முதல் கியருக்கு சிங்க்ரோ இல்லாததால் ஓட்டத்திலேயே இறக்க இரண்டு தடவை கிளட்ச் மிதித்து, நடுவில் எஞ்சின் வேகத்தை ஏற்றிப் போட வேண்டும். பழகிவிட்டால் கை தானாகச் செய்யும். பெரும்பாலும் இரண்டாவது கியரிலேயே ஏறிவிடும், இறங்கும்போதும் அதே கியர்தான். ரேடியேட்டர் கொதித்ததில்லை. எங்கள் போர்வெல் தண்ணீரை அதில் ஊற்றாததுதான் காரணம் என்று நினைக்கிறேன்; அந்த உப்பு உள்ளே படிந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். கூலன்ட்டும் சுத்திகரித்த தண்ணீரும் மட்டும்.

சமதள ரோட்டில் 55, 60க்கு மேல் போனால் எஞ்சின் கத்தும், பேச்சு கேட்காது. கோடையில் கால் பக்கம் அனல். மழையில் தார்ப்பாய் இருந்தாலும் முட்டி நனையும். குடும்பத்தோடு நீண்ட தூரம் போக இது ஆகாது. அப்படி வேண்டுமென்றால், பெஜோவின் 2112 சிசி டீசல் எஞ்சினோடு வந்த எம்எம்540ஐப் பாருங்கள். டீசல் என்பதால் செலவு குறைவு, எத்தனால் கவலையும் இல்லை. பாயின்ட், கார்ப்ரேட்டர் கிடையாது, காலையில் க்ளோ பிளக் சூடாக ஒரு நிமிடம் பொறுத்தால் போதும். பம்ப், நாசில் வேலைக்கு மட்டும் டீசல் பம்ப் லேப் போக வேண்டியிருக்கும்.

சிஜேதான் வேண்டும் என்று மனது நிற்கிறதா, சரி. ஒரிஜினல் பெட்ரோல் எஞ்சினோடு, சேஸிஸில் வெல்டிங் ஒட்டு இல்லாமல், ஆர்.சி. சுத்தமாக இருக்கும் வண்டி கண்ணில் பட்டால், பெயின்ட் எப்படி இருந்தாலும் அதையே எடுங்கள். பளபளவென்று நிற்கும் வண்டியாக இருந்தால் காந்தத்தையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு முதலில் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் விலை பேசுங்கள்.