மூன்று நிமிடப் போட்டியா, நாடகப் பயிற்சியா?

ஆராய்ச்சியை வெளியாளுக்குப் புரியும்படி பேசப் பழகு என்று என் பிஎச்.டி. கைடு சொன்னபோது என் முன்னால் இருந்தவை இரண்டு: தன் ஆய்வை மேடையில் மூன்றே நிமிடத்தில் சொல்லி முடிக்கும் மூன்று நிமிடத் தீசிஸ் போட்டி, இல்லையென்றால் இம்ப்ரோவ், அதாவது வசனமே இல்லாமல் அந்தந்த நொடியில் நடிக்கும் பயிற்சி. இரண்டுக்கும் போய்ப் பார்த்தேன். என் ஓட்டு இம்ப்ரோவுக்குத்தான்.

போட்டி பலருக்கும் தெரிந்ததுதான். 2008-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் தொடங்கியது. அசையாத ஒரே ஸ்லைடு, கையில் பொருள் எதுவும் கூடாது, மூன்று நிமிடம் தாண்டினால் அவுட். நான்கு வருட வேலையில் எதை வெட்டலாம் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. வீட்டிலேயே வரிவரியாக மனப்பாடம் செய்துவிடலாம்.

அந்த மனப்பாடம்தான் சிக்கல். என் வேலை பயோஃபிலிம்: பாக்டீரியாக்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, பசைபோல ஒன்றைச் சுரந்து அதற்குள்ளேயே வாழ்வது. போட்டிக்குத் தயாரித்த பேச்சையே ஒரு பள்ளியில் பேசினேன். கழுவாத குடத்தின் உள்ளே வழவழவென்று இருக்குமே என்று ஆரம்பித்ததுமே ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "அக்கா, காலையில பல்லு வழவழன்னு இருக்கே, அதுவும் இதேதானா?" என்றாள். அதேதான்! அதைவிட நல்ல உதாரணம் என்னிடமே கிடையாது. நானோ "கடைசியில சொல்றேன்மா" என்றுவிட்டு என் அடுத்த வரியைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் உட்கார்ந்துவிட்டாள், அப்புறம் ஒரு கேள்வியும் வரவில்லை.

இம்ப்ரோவை விஞ்ஞானிகளிடம் கொண்டுபோனதில் பெரிய பங்கு நடிகர் ஆலன் ஆல்டாவுக்கு. தொலைக்காட்சியில் பல வருடம் விஞ்ஞானிகளைப் பேட்டி கண்டவர். அவர் முயற்சியில் 2009-இல் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு மையம் வந்தது. நான் போனது அங்கே இல்லை, அதே மாதிரி விளையாட்டுகளை வைத்து இங்கே நடந்த இரண்டு நாள் பட்டறைக்கு. முதல் ஒரு மணி நேரம் ஒரே கூச்சம். பிறகு கண்ணாடி விளையாட்டு: நான் கையைத் தூக்கினால் எதிரில் நிற்பவர் பிம்பம்போல அதே நேரத்தில் தூக்க வேண்டும். நான் வேகமாக ஆட்ட, அவர் தடுமாறினார். பயிற்சியாளர் அவரை ஒன்றும் சொல்லவில்லை. அவர் பின்தங்கினால் தப்பு உங்களுடையது என்று என்னிடம்தான் சொன்னார்.

அன்று மதியம் பயோஃபிலிமை ஒரு வங்கி ஊழியருக்கு விளக்கினேன். ஆன்டிபயாடிக் அதற்குள் சரியாக வேலை செய்யாது என்ற இடத்தில் அவர் புருவம் சுருங்க, நிறுத்தினேன். "கோட்டைச் சுவர் மாதிரியா?" என்றார். ஓரளவு சரி, ஆனால் உள்ளே பல பாக்டீரியாக்கள் அரைத்தூக்கத்தில் மந்தமாகக் கிடப்பதும் ஒரு காரணம் என்று அவருடைய கோட்டையிலிருந்தே தொடர்ந்தேன். மனப்பாடப் பேச்சில் இது நடக்கவே நடக்காது.

குறை இல்லாமல் இல்லை. பேச்சு நீண்டுவிடுகிறது. என் அனுபவமும் இரண்டே நாள், பழகாமல் விட்டால் எவ்வளவு தங்கும் என்று இப்போது சொல்ல முடியாது. மேடைக்கூச்சம் கடுமையாக உள்ளவர்களுக்கு ஒத்துவருமா என்பதும் சந்தேகம்தான். பயோடேட்டாவில் ஒரு வரி சேர வேண்டுமென்றால் சரி, போட்டிக்கே போங்கள்.

அந்தப் பள்ளிக்கு அடுத்த மாதம் மறுபடி போகிறேன். பல்லிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன்.